விரைவு வண்டியும் முத்துச் சிப்பியும்



ஒரு பொருளை வாங்குதல் எளிது. தேர்ந்து வாங்குதல் அரிது. புதிய பொருளாயின், செய்தவரின் பெயரே அதற்கு ஒரு சான்றாக நிற்கும். பழைய பொருளுக்கு அத்தகைய சான்று இல்லை. அதனை யார் ஆண்டார், எவ்வாறு ஆண்டார், எதனை மறைத்தார் என்பவற்றை வாங்குவோனே துருவி அறிய வேண்டும். ஆதலின் பழைய பொருளைத் தேர்ந்தெடுப்பது ஒருவகை வரலாற்று ஆராய்ச்சியே ஆகும்.

நீங்கள் ஸ்போர்ட்ஸ் கார் என்று வழங்கும் விரைவு வண்டியை, அதிலும் பழைய வண்டியைக் குறைந்த பொருட்செலவில் தேர்ந்தெடுப்பது பற்றி இன்று பேச விழைகிறேன். பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற கிழவனுக்கு இந்தப் பொருள் எதற்கு என்று சிலர் நகைக்கக்கூடும். வேகத்தின்மீது காதல் கொள்ளாத இளமை அரிது. அந்தக் காதலால் பொருளையும், சில வேளைகளில் உயிரையும் இழந்தோர் உண்டு. ஆகையால் இதனை நகைத்து ஒதுக்குவதைவிட ஆராய்ந்து பார்ப்பதே ஆசிரியனுக்கு அழகு என்று கருதுகிறேன்.

காணாத ஒன்றை விலை பேசி வாங்கும் கலை நம் தூத்துக்குடிக் கடற்கரைக்குப் புதிதன்று. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் குளித்தெடுத்த சிப்பிகளைக் கரைக்குக் கொணர்ந்து, திறவாமலே ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஏலம் விடுவது நெடுநாள் வழக்கம். சிப்பிக்குள் முத்து உண்டா இல்லையா என்பது ஏலம் கேட்பவனுக்கும் தெரியாது, கூறுபவனுக்கும் தெரியாது. ஆயினும் அது முழுச் சூதாட்டம் அன்று. குளிப்புத் தொடங்குமுன் அதிகாரிகள் பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுப்பித்து, திறந்து, கிடைத்த முத்துகளை மதிப்பிட்டு அறிவிப்பார்கள். சிப்பியின் வயது என்ன, எந்தப் பாரில் விளைந்தது, சென்ற முறை அந்தப் பார் எவ்வளவு ஈந்தது என்பவற்றைத் தேர்ந்த வணிகன் கேட்டறிந்த பின்னரே வாய் திறப்பான். 1955 முதல் 1961 வரை தூத்துக்குடிக் கடலில் தொடர்ந்து நிகழ்ந்த குளிப்புகளே இக்கரை கண்ட கடைசிப் பெரிய முத்துக்குளிப்புகள்.

ஆராயாது துணிந்தவர் கதையும் அதே கடலில் உண்டு. எதிர்க்கரையில், இலங்கையின் மரிச்சுக்கட்டியில், 1905இல் முத்து மிகுதியாகக் கிடைத்தது. அந்த ஓராண்டின் பொலிவைக் கண்டு மயங்கிய இலண்டன் நிறுவனம் ஒன்று, 1906இல் இலங்கை முத்துப் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பின் சிப்பி பொய்த்தது. சில ஆண்டுகளில் நிறுவனம் நொடித்தது. பொலிவைப் பார்த்து வாங்குபவனுக்கும் வரலாற்றைப் பார்த்து வாங்குபவனுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு மோட்டார் வண்டிக்கு வருவோம்.

விரைவு வண்டி என்பது தாழ்ந்த உடலும், குறைந்த எடையும், வளைவுகளில் ஓட்டுநரின் கைக்குறிப்பை உடனே ஏற்கும் இயல்பும் உடையது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்து இத்தகைய சிறு வண்டிகளைச் செய்து உலகெங்கும் விற்றது. நம் நாட்டு இளைஞர்க்கோ அவை படத்தில் காணும் பொருளாகவே இருந்தன. அந்நியச் செலாவணியைக் காக்கவும் உள்நாட்டுத் தொழிலை வளர்க்கவும் அரசு வெளிநாட்டு வண்டிகளின் வரவைத் தடுத்தது. 1953இல் வகுக்கப்பெற்ற கொள்கையின்படி, உறுப்புகளை இங்கேயே செய்ய முன்வந்த நிறுவனங்களுக்கே இடம் கிடைத்தது. வெறுமே பூட்டி விற்ற அயல்நாட்டு நிறுவனங்கள் வெளியேறின. கார் செய்வோரில் முதன்மையாக எஞ்சியவர் மூவர்: வங்காளத்தில் இந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு. அம்பாசிடர் குடும்பத்தின் வண்டி. பியட் நகரத்தின் வண்டி. வேகத்தை விரும்பிய எளியவன் கண் வைத்தது ஸ்டாண்டர்டு ஹெரால்டின்மீது.

இந்த ஹெரால்டின் பிறப்பு சுவையானது. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனத்துக்கு வண்டியின் கூடுகளைச் செய்து கொடுத்த ஒரு தொழிற்சாலையை 1953இல் போட்டி நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டது. அக்காலத்தில் வண்டியின் கூடும் அடிச்சட்டமும் ஒன்றாக இணைந்த முறை பரவி வந்தது. முழுக் கூட்டைச் செய்து தருவோர் இல்லாமையால், டிரையம்ப் பொறியாளர்கள் பழைய முறைக்கே திரும்பினர். இரும்பு அடிச்சட்டத்தைத் தனியே அமைத்து, அதன்மேல் சிறு சிறு பகுதிகளாகச் செய்த கூட்டை மரைகளால் பூட்டினர். உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. 1959இல் அந்த வண்டி வெளிவந்தது.

இயலாமையிற் பிறந்த இந்த அமைப்பே பிற்காலத்தில் ஏழைக்கு வரமாயிற்று. முன்மூடியைத் தூக்கினால், காப்புத் தகடுகளும் விளக்குகளும் உட்பட வண்டியின் முகம் முழுவதுமே முன்னோக்கிச் சாய்ந்து நிற்கும். எஞ்சினும் முன்சக்கரங்களின் உறுப்புகளும் கண்ணெதிரே விரியும். முன்சக்கரத்தின்மேல் அமர்ந்துகொண்டே வேலை செய்யலாம். ஒரு பகுதி கெட்டால் அதனை மட்டும் கழற்றி மாற்றலாம். சுமார் 25 அடி விட்டத்துக்குள் வண்டி முழு வட்டம் திரும்பிவிடும். நான்கு சக்கரங்களும் தனித்தனியே அசையும் அமைப்பு, நம் நாட்டில் அன்று செய்யப்பெற்ற அம்பாசிடருக்கும் பியட்டுக்கும் இல்லாத ஒன்று. 1962இல் டிரையம்ப் நிறுவனம் இதே அடிச்சட்டத்தைக் குறுக்கி, மேலே இருவர் அமரும் அழகிய கூட்டைப் பொருத்தி, ஸ்பிட்பயர் என்ற புகழ்பெற்ற விரைவு வண்டியைச் செய்தது. ஆகவே ஹெரால்டை முழுமையான விரைவு வண்டி என்று சொல்ல இயலாவிட்டாலும், விரைவு வண்டியின் எலும்புக்கூடு அதனுள் இருந்தது என்று துணிந்து கூறலாம்.

சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு தொழிற்சாலை 1961 முதல் இந்த வண்டியைச் செய்தது. எஞ்சின் 948 கன சென்டிமீட்டர் அளவினது. இன்றைய சிறு வண்டிகளின் ஆற்றலோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அந்தச் சிற்றாற்றலைக் கொண்டே வேகத்தைப் பயின்ற ஒரு தலைமுறை தமிழ்நாட்டில் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சோழவரத்தில் அமைந்த விமான ஓடுதளத்தில், 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் பந்தயங்களை நடத்தியது. செல்வர்களின் அயல்நாட்டு வண்டிகளோடு, நாள்தோறும் தெருவில் ஓடும் ஹெரால்டும் பியட்டும் அங்கே ஓடின. விலை கொடுத்து வேகத்தை வாங்க இயலாதவர்கள், பட்டறையில் இரவும் பகலும் உழைத்து அதனைத் தாமே உண்டாக்கினர்.

கோயம்புத்தூர்க் கரிவரதன் இந்த மரபின் முடிமணி. செல்வக் குடும்பத்திற் பிறந்தவராயினும், பந்தயம் செல்வர்க்கே உரியதாக இருத்தல் ஆகாது என்று எண்ணினார். எல்லோர்க்கும் எளிதிற் கிடைத்த மாருதி 800 வண்டியின் எஞ்சினைக் கொண்டு, ஒருவர் அமரும் பந்தய வண்டியை 1988இல் உருவாக்கினார். இளைஞர் பலர் அதில் ஓடிப் பழகினர். 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் இன்றும் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. அருகில் கிடைக்கும் எளிய பொருளைக் கொண்டே வேகத்தை நாடியவர் அவர்.

ஸ்டாண்டர்டு தொழிற்சாலையின் முடிவும் நமக்கு ஒரு பாடமே. ஹெரால்டுக்குப் பின், 1970களில் கேசல் என்ற வண்டி வந்தது. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 வெளியாயிற்று. இங்கிலாந்தின் ரோவர் வண்டியின் எழில் மிகுந்த கூடு. உள்ளே பழைய கால எஞ்சின். விலையோ மிகுதி. கூட்டின் அழகுக்கும் உள்ளிருந்த ஆற்றலுக்கும் பொருத்தம் இல்லை. 1988இல் தொழிற்சாலையில் கார் உற்பத்தி நின்றது. புறத்தைக் கண்டு வாங்கியவர்கள் பின்னர் உதிரி உறுப்புக்கு அலைந்தனர்.

இனி நம் ஊருக்கு வருவோம். என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர், துறைமுகத்தில் பணி புரிகிறார். சில ஆண்டுகளுக்கு முன், தம் சேமிப்பைக் கொண்டு ஒரு ஹெரால்டு வாங்க எண்ணி என்னிடம் வந்தார். இரண்டு வண்டிகள் அவர் கண்ணில் பட்டிருந்தன. ஒன்று நம் ஊரிலேயே இருந்தது. செந்நிற வண்ணம் கண்ணாடிபோல் மின்னியது. மற்றொன்று கோவைப் பக்கத்தில் ஒரு கொட்டகையில் கிடந்தது. வண்ணம் வெளுத்து, இருக்கை கிழிந்து, பார்க்கவே இரக்கம் தோன்றும் நிலை. விலையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மாணவரின் உள்ளம் எதனை நாடியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டுவதில்லை.

"இது வாங்கிய அன்றே ஓடும், ஐயா. அதற்கு உயிர் கொடுக்கவே ஓராண்டு ஆகும்" என்றார்.

"தோணி வாங்குபவன் பாயைப் பார்ப்பானா, ஏராவைப் பார்ப்பானா?" என்று கேட்டேன்.

அவர் தந்தையார் தோணித் தொழிலில் இருந்தவர். ஆதலால் அந்தக் கேள்வி அவர்க்கு உடனே விளங்கிற்று. பழைய தோணியை வாங்குமுன் ஓடாவியை அழைத்துச் செல்வது இந்தக் கரையின் வழக்கம். ஓடாவி பலகையைச் சுத்தியால் தட்டுவார்; ஒலியைக் கேட்டே மரத்தின் உள்ளே புழு துளைத்ததா, ஈரம் ஏறியதா என்று சொல்வார். கலப்பற்றுப் புதிதாக இருந்தால், அது எதனை மூட இடப்பட்டது என்று ஐயுறுவார். மின்னும் செவ்வண்டிக்கும் இத்தகைய ஓர் ஓடாவி தேவை என்று, முதிய மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் சென்றோம்.

அவர் தம் பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தைத் துணியிற் சுற்றி எடுத்தார். கதவின் கீழ்ப்புறத்திலும் சக்கரத்தின் மேல்வளைவிலும் அதனை வைத்துக்கொண்டே வந்தார். சில இடங்களில் காந்தம் பற்றியது. பல இடங்களில் வழுக்கி விழுந்தது. இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் மக்குப் பூச்சே இருந்தது. பின்னர் வண்டியின் அடியிற் படுத்து, அடிச்சட்டத்தின் பக்கக் கிளைகளைத் திருப்புளியால் மெல்லக் குத்தினார். திருப்புளி உள்ளே இறங்கியது.

"தம்பி, வண்டி நம்ம உப்புக்காத்துல வளர்ந்திருக்கு. வண்ணத்துக்குக் கொடுக்கிற காசு இது, வண்டிக்கு இல்ல" என்றார்.

"அண்ணாச்சி, வெட்டி ஒட்டிச் சரி செய்ய முடியாதா?"

"முடியும். அந்தச் செலவுல இன்னொரு வண்டி வாங்கலாம்."

தூத்துக்குடிக் காற்றின் இயல்பை நீங்கள் அறிவீர்கள். உப்பளங்களைச் செழிக்கச் செய்யும் அதே காற்று இரும்பை உண்ணும். ஹெரால்டில் கூட்டைத் தாங்கும் பொறுப்பு அடிச்சட்டத்தினுடையது. அது அரிக்கப்பட்டால், முன்னே நான் புகழ்ந்த எளிமை அனைத்தும் பயனற்றுப் போகும். எஞ்சினைச் சீர் செய்யலாம், இருக்கையைத் தைக்கலாம், அரித்த சட்டத்தைச் சீராக்குவது பெருஞ்செலவு. பழைய வண்டியின் தேர்வில் முதல் விதி இதுவே.

மறு வாரம் கோவைக்குச் சென்றோம். வெளுத்த வண்டியின் அடியில் எண்ணெயும் புழுதியும் படிந்திருந்தன. சுரண்டிப் பார்த்தால் உள்ளே இரும்பு உறுதியாக இருந்தது. அடிச்சட்ட எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவுப் புத்தகத்தோடு பொருந்தின. மெக்கானிக் எஞ்சினின் முன்புறச் சக்கரத்தைப் பார்த்தபடி, மாணவரைக் கிளட்சை மிதிக்கச் சொன்னார். மிதிக்கும்போது அந்தச் சக்கரம் முன்னும் பின்னும் நகர்ந்தால், உள்ளே சுழல்தண்டைத் தாங்கும் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று பொருளாம். நகர்ச்சி கண்ணுக்குப் புலப்படவில்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் அடிமுட்டு ஒன்றையும் காட்டினார். அதற்குக் கெட்டியான கிரீசு கூடாது. கியர் எண்ணெயே இட வேண்டும். இதனை அறியாதோர் கிரீசை அடைத்துவிட, உள்ளே துருவேறி, ஓடும்போதே முட்டு முறிந்து சக்கரம் மடங்கிய நிகழ்ச்சிகள் உண்டு. சிறு எண்ணெய்த்துளியின் பொருட்டு உயிர் ஊசலாடும் இடம் அது.

மாணவர் வெளுத்த வண்டியையே வாங்கினார். ஓராண்டு உழைத்தார். ஞாயிறுதோறும் அவர் கையில் எண்ணெய்க் கறை இருந்தது. வண்டி ஓடத் தொடங்கிய பிறகு இன்னொரு பாடத்தையும் அவர் கற்க வேண்டியிருந்தது. அதனை உங்களுக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் நடுவில் கீல்வைத்த அரைத்தண்டின் முனையில் அசைவன. நேரான சாலையில் இது நன்மையே. வளைவில் விரைந்து நுழைந்து, அஞ்சித் திடீரெனக் காலை எடுத்தாலோ, பிரேக்கை அழுத்தினாலோ, வண்டியின் பின்புறம் மேலெழும். சக்கரங்கள் உள்நோக்கி மடியும். டயரின் பிடி நழுவும். வண்டி சுழலவோ கவிழவோ கூடும். ஸ்பிட்பயரிலும் இதே குறை இருந்தது. 1970இல்தான் அதன் பின்வில்லை மாற்றியமைத்துத் தணித்தனர். நம் நாட்டுக் கேசல் வண்டியிலோ இந்த அமைப்பையே விடுத்து, ஒரே உறுதியான தண்டை வைத்தனர். ஆகவே பழைய விரைவு வண்டியை ஓட்டுபவன் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவினுள் சீராகச் செல்லப் பழக வேண்டும். அதில் இன்றைய வண்டிகளிற் காணும் காற்றுப் பைகள் இல்லை. சக்கரம் பூட்டாமற் காக்கும் பிரேக்கு இல்லை. பிழையைப் பொறுக்கும் பொறுமை அதற்கு இல்லை என்பதை மறவாதீர்கள். தெரு பந்தயத் தடம் அன்று. வேகத்தைச் சோதிக்க விழைவோர்க்குச் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையும் கோவைச் செட்டிபாளையமும் இருக்கின்றன.

செலவைப் பற்றியும் சில சொற்கள். யானை வாங்கினவன் அங்குசத்துக்கு அழுதானாம். கையிலுள்ள பணத்தை மூன்றாகப் பகுத்து, இரண்டு பங்குக்குள் வண்டியை முடித்து, ஒரு பங்கைச் செப்பனிட ஒதுக்குங்கள். முழுப் பணத்தையும் கொடுத்து வாங்கிய வண்டி, முதல் பழுதிலேயே கொட்டகைக்குப் போய்விடும். இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. பழைய வண்டியின் ரப்பர்க் குழாய்களும் கார்புரேட்டரின் வளையங்களும் அதனைத் தாங்குமாறு செய்யப்பட்டவை அல்ல. அவை இளகி வெடித்தால், ஒழுகும் பெட்ரோல் சூடான எஞ்சின்மேல் விழும். ஆதலின் வாங்கியவுடன் முதலில் மாற்ற வேண்டியவை அவையே.

சட்டத்தையும் அறிந்து வையுங்கள். தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்கு உரியது. அதன்பின் தகுதி காட்டி ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். 50 ஆண்டுகளைக் கடந்து, மூல அமைப்பு மாறாத வண்டிகளுக்கு 2021இல் நடுவண் அரசு தனிப் பதிவு முறையை வகுத்தது. அந்தப் பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். எனினும் அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சி, பழைய வண்டி அணிவகுப்பு, பழுது பார்த்தல் போன்றவற்றுக்கு ஓட்டலாமேயன்றி நாள்தோறும் பயன்படுத்துதல் ஆகாது. நாளும் ஓட்ட விரும்புவோன் எந்தப் பதிவில் வண்டி இருக்கிறது என்பதைப் பணம் கொடுக்குமுன் கேட்டறிதல் வேண்டும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, புதிய வண்டியே வாங்கிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். போக்குவரத்து ஒன்றே நோக்கமாயின் அதுவே அறிவுடைமை. நானும் அதனையே கூறுவேன். பழைய வண்டியை நாடுவோனுக்கு வேறொரு பயன் உண்டு. எந்தச் சக்கரம் எதனால் சுழல்கிறது என்பதைத் தன் கையால் தொட்டு அறிகிறான். ஒரு தலைமுறையின் பொறியாளர்கள் எந்த இடர்ப்பாட்டுக்கு எந்த விடை கண்டனர் என்பதை இரும்பிலே படிக்கிறான். நம் ஊரில் அத்தகைய வண்டியின் ஒலியைக் கேட்டே நோயைச் சொல்லும் முதிய மெக்கானிக்குகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் அறிவு எந்த நூலிலும் முழுமையாக எழுதப்படவில்லை. முத்துக்குளிப்பு நின்றபின், பாரைப் பார்த்தே சிப்பியின் வயதைச் சொன்ன முதியவர்கள் ஒவ்வொருவராக மறைந்தனர். அவர்களோடு அவர்கள் அறிவும் மறைந்தது. பட்டறைகளுக்கும் அந்த நிலை வராமலிருக்க வேண்டுமாயின், அவர்கள் அருகே ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு நிற்க இளைஞர் வேண்டும்.

ஆகவே மாணவர்களே, வேகத்தை விரும்புங்கள். ஆனால் வாங்குமுன் வண்டியின் அடியிற் படுத்துப் பாருங்கள். அறிந்தவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் ஊரிலுள்ள கைகளால் செப்பனிடக்கூடிய வண்டி எதுவோ, அதுவே உங்களுக்கு மலிவான வண்டி. வாங்கிய பின் அதன் இயல்பை அறிந்து, அதற்கு அடங்கி ஓட்டுங்கள். அவ்வாறு ஓட்டுபவன் வண்டியையும் காப்பான், தன்னையும் காப்பான், எதிரே வருபவனையும் காப்பான்.